இளைத்தபோது எல்லோரும் பாராட்டினார்கள்

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறேன். மிச்சமுள்ள கீமோவைத் தாங்கும் அளவுக்கு உடம்பு தேறட்டும் என்று டாக்டர் இடைவெளி கொடுத்திருக்கிறார். எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தில் வந்து சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். நான்கு பேர் முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு எப்போதுமே கூச்சம். எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்றேன். எழுத உட்கார்ந்தால் கிருபையைவிட வெட்கம்தான் முந்திக்கொண்டு வருகிறது. வந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பைப் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் மோசஸ் பக்கத்து இரும்பு ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரே மகள் ஷைனி. தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் படிக்கிறாள்.

நான் குண்டு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் ஒதுங்குவார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்த மேல்கோட்டு எனக்கு மட்டும் பத்தாமல், தனியாகத் தைக்கச் சொல்லி அனுப்பினார்கள். கல்யாண வீட்டில் இரண்டாவது முறை சோறு வாங்கமாட்டேன். யாராவது பார்ப்பார்கள். வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே வேகமாக அள்ளிப் போட்டுக்கொள்வேன். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட நாள் எனக்கு ஞாபகமில்லை. அந்த அடுப்படிச் சாப்பாடு எவ்வளவு என்பது எனக்கே தெரியாது.

போன வருடம் திடீரென்று சர்க்கரை வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. கும்மிடிப்பூண்டி கிளினிக் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைத்தால் தானாகச் சரியாகும் என்றார். சில வாரங்களில் எடை குறைய ஆரம்பித்தது. நான் எதுவும் செய்யவில்லை. பசி போய்விட்டது, அவ்வளவுதான்.

எல்லோரும் பாராட்டினார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் சுற்றி நின்று என்ன சாப்பிடுகிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். பாஸ்டரம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். வாக்கிங் போகிறேன், அரிசியைக் குறைத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வாழ்நாளில் முதல்முறையாக என் உடம்பைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்கிறார். அதை மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

அதே சமயத்தில் மேல்வயிற்றில் ஒரு வலி இருந்தது. முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? எடை குறைந்தும் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது ஷைனிதான் என் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்மா, கண்ணு மஞ்சளா கீதும்மா" என்றாள்.

கிளினிக்கில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரில் இருந்த பெண் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, பித்தக்குழாய் வீங்கியிருக்கிறது, ஆனால் கொழுப்பு மறைப்பதால் கணையம் சரியாகத் தெரியவில்லை, சென்னைக்குப் போய் சிடி எடுங்கள் என்றார். ரிப்போர்ட்டிலும் அதையே எழுதியிருந்தார். மோசஸ் பார்க்காதபடி அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மஞ்சள் காமாலையோடு நிற்கும்போதும் எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்தியது.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை. நாங்கள் போன அன்று காத்திருக்கும் கூடத்தில் உட்கார இடமில்லை. சிடி எடுக்கும் முன் பச்சை நிற கவுன் ஒன்றைக் கொடுத்தார்கள். பின்பக்கம் நாடா போட்டுக் கட்ட வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் எட்டவில்லை. வேறு அளவு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். முதுகு முழுக்கத் தெரிய, ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்கும் தாழ்வாரத்துக்கு நான் வர வேண்டும். கதவருகிலேயே நின்றுவிட்டேன். மோசஸ் வந்து பார்த்தார். தன் சட்டையைக் கழற்றி என் முதுகை மறைத்து, சட்டைக் கை இரண்டையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். பிறகு எனக்குப் பின்னால் பனியனோடு நின்றுகொண்டார். என் முறை வரும்வரை அப்படியே நின்றார். அவரை எல்லோரும் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. கணையம் என்ற ஒன்று உடம்பில் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு அது. சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நீரும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினும் அதில்தான் சுரக்கின்றன. கட்டி வளர்ந்து பித்தக்குழாயை நெரித்ததால் காமாலை. வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைபட்ட இடத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் ஒன்றைச் சொருகினார்கள். அரிப்பு அடங்கியது. கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி ஒரு பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருப்பதால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் ஆபரேஷன் என்றார்கள்.

என்னைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். மோசஸும் ஷைனியும் பக்கத்தில் இருந்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"நான் துன்னதால வந்துச்சா டாக்டர்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடம்பில் கொழுப்பு அதிகமானால் அது சும்மா கிடக்கும் மூட்டை இல்லை, அதுவும் வேலை செய்யும் ஒரு பொருள்தான் என்றார். அது ரத்தத்தில் சில ரசாயனங்களை விடுகிறது. அதனால் உடம்புக்குள் நெருப்புப் போட்ட மாதிரி ஓயாத அழற்சி. உடம்பு இன்சுலினுக்கு அடங்காமல் போவதால், கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரக்கிறது. செல்களை வளரச் சொல்லும் வேலையும் இன்சுலினுக்கு உண்டு. நல்ல செல்லுக்கும் கெட்ட செல்லுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. கணையத்தைச் சுற்றிலும் கொழுப்பு சேர்ந்தால் கட்டிக்கு அது தீனி, கட்டியைச் சுற்றி இறுகிப்போனால் மருந்தும் உள்ளே போகத் திணறும். இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, இது ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணம், ஆனால் உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றார். போன வருடம் புதிதாக வந்த சர்க்கரையும், எடை குறைந்ததும் கட்டி செய்த வேலையாகவே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் பின்பாதி என் காதில் ஏறவில்லை. தீனி என்ற வார்த்தை மட்டும் நின்றது. ஷைனி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என் உடம்புதான். என் தோள், என் இடுப்பு. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தனலட்சுமி. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வந்தவள். மீன் கூடை சுமந்தே வற்றிய உடம்பு, குச்சி மாதிரி இருப்பாள். அவளுக்கும் கணையத்தில்தான். நான் என் சாப்பாட்டைக் குறை சொல்லிப் புலம்பியபோது ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ துன்னு துன்னு வந்துச்சுன்ற. நான் பாதி நாளு துன்னாமயே கெடந்தேன். எனக்கும் அதானே வந்துகீது, அதுக்கு இன்னா சொல்ற?"

அப்போதும் நான் மாறவில்லை.

கீமோ என்றால், அன்று மருத்துவமனையில் பல மணி நேரம் மருந்து ஏற்றி, மிச்சத்தை இடுப்பில் கட்டும் சின்ன பம்பில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்தும். எவர்சில்வர் டம்ளரைத் தொட முடியாது. வாய் புண்ணாகும், நாக்கு மரத்துப் போகும். உணவு ஆலோசகர் ஒரு பெண். முட்டை, பருப்பு, மீன், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். கணையம் சுரக்காத செரிமான நீரை இந்த மாத்திரை கொடுக்கும், ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டோடும் இதையும் விழுங்கினால்தான் தின்றது உடம்பில் ஒட்டும் என்றார்.

என் நாத்தனார் ரூபி அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் உடம்பைக் கேலி செய்தவர். அந்த ரூபி அக்கா நாஷ்டாவிலிருந்து ராத்திரிச் சாப்பாடுவரை எனக்காகத் தனியாகச் சமைத்து டப்பாவில் போட்டு அனுப்பினார். நாக்கில் புண் என்று காரமே இல்லாமல், முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து. நான் அதில் ஒரு வாய் தொட்டுவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவேன். வீட்டில் இருந்தால் பின்பக்கத்து நாய்க்கு. மாத்திரையும் அப்படியே கிடக்கும். டப்பா காலியாகப் போகும்.

குமட்டல் ஒரு காரணம், பொய் இல்லை. ஆனால் குமட்டல் இல்லாத நாட்களிலும் நான் சாப்பிடவில்லை. பழைய ரவிக்கை தொளதொளத்தது. புடவைக் கொசுவம் ஒரு மடிப்புக் கூடியது. புற்றுநோய் வார்டில் படுத்துக்கொண்டு நான் என் இடுப்பைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கட்டிக்குத் தீனி போடாமல் பட்டினி போடுகிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். இதைச் சாட்சி என்று எப்படிச் சொல்வது?

சில தவணை கீமோ முடிந்து மறுபடியும் சிடி எடுத்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கட்டி சுருங்கி ரத்தக்குழாயை விட்டு விலகியிருந்தது. மோசஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு டாக்டர் முதுகெலும்புப் பக்கம் விரலை வைத்தார். கறுப்பாகத் தெரிவது கொழுப்பு, சாம்பல் நிறத்தில் தெரிவது தசை. முதல் படத்தில் பட்டையாக இருந்த சாம்பல் இந்தப் படத்தில் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இவர் பருமன் என்றே தோன்றும், உள்ளே தசை கரைந்துபோயிருக்கிறது, இப்படிப்பட்ட உடம்பு கீமோவின் நஞ்சையும் தாங்காது, ஆபரேஷனையும் தாங்காது என்றார். பட்டினியில் கட்டி சாவதில்லை, தசைதான் சாகிறது என்றும் சொன்னார். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். அதிக நாள் தள்ள முடியாது, கட்டி காத்திருக்காது என்றார்.

"சாப்பிடறாங்களா?" என்று மோசஸிடம் கேட்டார்.

"நல்லா சாப்புடுது டாக்டர். அக்கா குடுத்து உடற டப்பா காலியாத்தான் வருது."

மோசஸ் முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம்.

அதே வாரம் ஷைனி ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது விழுந்து நெற்றியில் அடி. பெண்கள் பெட்டியில் கூட வருகிறவர்கள் அவளை ஆட்டோவில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போனபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பெண் பல நாளாகச் சரியாகவே சாப்பிடவில்லை என்றார். கல்லூரிக்கு எடுத்துப்போகும் சோற்றை ரயிலிலேயே யாருக்கோ கொடுத்துவிடுகிறாளாம். டீ மட்டும்தானாம்.

மோசஸ் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் இதே ஒடம்புதானே. டாக்டர் சொன்னாங்களே, தீனின்னு. நான் அங்கதானே ஒக்காந்துகினு இருந்தேன்."

பிறகு, "நீ சாப்புடாம கீறது எனக்குத் தெரியும்மா. மெலிய மெலிய நீ சந்தோஷமா கீற. கண்ணாடில பாத்துக்கினே இருக்க. அப்பாகிட்ட நான் சொல்லல" என்றாள்.

நான் ஒளித்துச் சாப்பிட்டதும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், ஒளித்துப் பட்டினி கிடந்ததும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே அவளுக்கு இரண்டையும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் நான் சேர்த்து வைத்த சொத்து இதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மோசஸையும் ரூபி அக்காவையும் உட்காரவைத்து டப்பா விஷயத்தைச் சொன்னேன். மோசஸ் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். கோபமா அழுகையா, தெரியவில்லை. ரூபி அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்படிக்குப் போய் இரண்டு முட்டையை அவித்து, ரசம் சாதம் கரைத்து எடுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். ஷைனியை என் எதிரில் உட்காரவைத்தார். தானும் தட்டோடு உட்கார்ந்தார்.

"நான் பேசனதெல்லாம் மனசுல வச்சிக்கினுதானே இப்புடிப் பண்ண?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். அது உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். "சரி, சாப்புடு" என்றார்.

மகள் பார்க்க, நாத்தனார் பார்க்க, உட்கார்ந்து சாப்பிட்டேன். மாத்திரையை எல்லோருக்கும் தெரியும்படி எடுத்து விழுங்கினேன். ஒவ்வொரு வாயையும் யாரோ கணக்குப் பார்ப்பதுபோல உடம்பெல்லாம் கூசியது. ஷைனி என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள் என்று தெரிந்தது. அதனால் நிறுத்தவில்லை.

அப்புறம் தினமும் அப்படித்தான். உணவு ஆலோசகரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, உங்களைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். இளைப்பது வேறு, கரைவது வேறு என்று புரியவைத்தார். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். ஷைனி கூடவே செய்தாள். மோசஸ் ஷிஃப்ட் முடிந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் ரயில்வே கேட் வரை நடத்திக் கூட்டிப்போவார். தனலட்சுமியை அதற்குள் வார்டில் காணவில்லை. ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்று நர்ஸ் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பெரிய ஆபரேஷன். கணையத்தின் தலை, பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி, சிறுகுடலின் ஆரம்பம், இவ்வளவையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் புதிதாகக் குடலோடு இணைத்துத் தைக்க வேண்டும். என் வயிற்றுக் கொழுப்பால் நேரம் கூடியது, தையல் போட்ட இடத்தில் கொழுப்பு அழுகி நீர் வடிந்தது, புண் ஆற வெகுநாள் ஆனது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கட்டுக் கட்டும் நர்ஸ் ஒருநாள் கூச்சப்படாதீர்கள் என்றார். கூச்சம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. அதைச் சுமந்துகொண்டே கட்டுக்கு உடம்பைக் காட்டக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். கட்டி முழுதாக வந்துவிட்டது என்றார்கள். திரும்ப வராது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

போன வாரம் டாக்டரம்மா சொன்னபடி ஷைனியையும் அழைத்துப் போனேன். பயந்துகொண்டே உள்ளே போனாள், என்னையும் கூட வரச் சொன்னாள். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லைக் கோட்டில் இருக்கிறது, இந்த வயதில் திருப்பிவிடலாம் என்றார் டாக்டர். மெதுவாக எடை குறைக்க வேண்டும், வயிறாரச் சாப்பிட்டே குறைக்கலாம், நடக்க வேண்டும், பட்டினி கூடாது என்றார். எனக்கு வந்தது அவளுக்கும் வந்தே தீரும் என்று இல்லை என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். ஷைனி அதை இரண்டாம் முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

வெளியே வந்தோம். கேன்டீன் வாசலில் நல்ல கூட்டம். மேஜையெல்லாம் ஆட்கள். நான் வழக்கம்போல வேகமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஷைனி என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, சாதாரணமாகச் சொன்னாள்.

"எம்மா, பசிக்குது."

எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த ஒரு வார்த்தையை நான் இதுவரை யார் முன்னாலும் சொன்னதில்லை. இரண்டு நாற்காலி காலியாகும்வரை நின்று, உட்கார்ந்தோம்.